பழைய கம்ப்யூட்டரில் புது ஓஎஸ்: எங்கே சறுக்குகிறோம்?

விண்டோஸ் 10 என்ற ஓஎஸ்ஸுக்கு (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் என்னவோ வழக்கம்போல ஓடத்தான் செய்கிறது. "ஓடுகிறதே, அப்புறம் என்ன?" என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. ஆதரவை நீட்டித்துத் தரும் மைக்ரோசாஃப்டின் திட்டத்தில் சேராதவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் வராது. இனி தெரியவரும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும்.

இதற்கு நேரெதிர் ரகமும் உண்டு. விண்டோஸ் 11 போட முடியாது என்று செய்தி வந்ததும் கம்ப்யூட்டரையே விற்றுவிடக் கிளம்புவார்கள். முடியாததற்கு என்ன காரணம் காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் வசதி) இல்லை என்று காட்டினால், பல கம்ப்யூட்டர்களில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். பயோஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) இன்டெல் பிராசசர் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்று தேடி ஆன் செய்தால் போதும். ஆனால் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், அதன் 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வைக்காமல் பயோஸில் கை வைக்காதீர்கள். அடுத்த முறை பூட் ஆகும்போது அதைக் கேட்டு நின்றுகொள்ளலாம். கீ இல்லையென்றால் ஃபைல்களை மறந்துவிட வேண்டியதுதான்.

காரணம் பிராசசர் என்றால் கதை வேறு. இன்டெல்லில் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறைக்கு முந்தையவை விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. ஓஎஸ்ஸைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் ரூஃபஸ் போன்ற கருவியால் அந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டிப் போட்டுவிடலாம், சரி. ஆனால் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து பாப்கவுன்ட் என்ற கட்டளை பிராசசரிலேயே இருந்தாக வேண்டும். இன்டெல்லின் பழைய கோர் 2 டுவோ பிராசசரில் அது கிடையாது. எந்தத் தந்திரம் செய்தாலும் பூட் ஆகாது. அதற்கு முந்தைய 23எச்2-வோடு நின்றுவிடலாம் என்றால், அதன் ஹோம் பதிப்புக்கான ஆதரவும் 2025 நவம்பரில் முடிந்துவிட்டது.

"அப்போ லினக்ஸ் போடு" என்பார்கள். இலவசமாகக் கிடைக்கும் மாற்று ஓஎஸ் அது. நல்ல யோசனைதான், ஆனால் எல்லா லினக்ஸும் எல்லாப் பழசுக்கும் ஒத்துவராது. 2025-இல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸில் மிகப் பழைய 32-பிட் கம்ப்யூட்டர்களுக்கான இன்ஸ்டாலரே இல்லை. ஹார்ட் டிஸ்கை அழிப்பதற்கு முன், பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, லேப்டாப்பை மூடித் திறந்தால் திரை திரும்ப வருகிறதா என்று பார்த்துவிடலாம். பழைய என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் இன்னும் கவனம் தேவை. அவற்றை இயக்கும் டிரைவர் மென்பொருளை என்விடியா நிறுத்தியிருக்கலாம்.

மந்தமாக இருக்கிறதே என்று ஓஎஸ்ஸை மாற்றுபவர்கள், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எப்போதும் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று ஒருமுறை பார்க்கட்டும். நின்றால், அதுவும் சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், முதலில் மாற்ற வேண்டியது ஓஎஸ் இல்லை, அந்த டிஸ்க்.