வேலூர் மாடியிலிருந்து கோள்களைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் பலர் கோள்களைத் தேடாமலே இருந்துவிடுவதற்குச் சொல்லும் காரணம் ஊர் வெளிச்சம். பால்வழியைப் பார்க்க இருட்டு வேண்டும் என்பது உண்மைதான். ஜவ்வாது மலையின் காவலூரில் வானாய்வகம் அமைந்ததும், 1977-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களுக்கான சான்றை அங்கிருந்து பதிவு செய்ய முடிந்ததும் அத்தகைய வானத்தால்தான். ஆனால் வெள்ளி, வியாழன், செவ்வாய், சனி ஆகிய நான்கும் பழைய பேருந்து நிலையத்து விளக்குகளுக்கு நடுவே நின்று பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒளி மிக்கவை. நம் ஊரில் உண்மையாகவே தட்டுப்பாடான பொருள் திறந்த அடிவானம்.

சென்னையிலோ புதுச்சேரியிலோ கடற்கரையில் நிற்பவருக்குக் கிழக்கே நீர்மட்டம் வரை வானம் திறந்திருக்கிறது. அவர் சொல்லும் உதய நேரத்தை நம்பிக் காத்திருப்பது அடுத்த தவறு. சென்னையைவிட மேற்கே இருப்பதால் நமக்கு வரும் தாமதம் நான்கு, ஐந்து நிமிடம்தான். பெரிய தாமதம் குன்றுகளால் வருகிறது. கையை நீட்டி நடு மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் அவற்றின் அகலம் ஏறத்தாழ 5 டிகிரி. கோட்டைக்குக் கிழக்கேயுள்ள குன்று உங்கள் மாடியிலிருந்து அந்த உயரத்துக்குத் தெரிந்தால், கோள் அதைத் தாண்டி வர இன்னும் இருபது நிமிடம் ஆகும். சூரியனைவிட்டு 28 டிகிரிக்கு மேல் விலகாத புதனுக்கு இந்த இருபது நிமிடமே வாழ்வும் சாவும். அதைத் தேடும் வாரத்தில் மட்டுமாவது மலை மறைக்காத வெளிக்குச் செல்வது நல்லது.

மிகுதியான குழப்பம் நேர்வது திசையில்தான். பிப்ரவரியில் இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே, தரையிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி உயரத்தில், ஓர் ஒளிப்புள்ளி தனியாக நிற்கும். அதைக் காட்டி "இது வியாழனா?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அது அகத்தியர் விண்மீன். கோள்கள் எல்லாம் சூரியனும் நிலவும் செல்லும் அதே பாதையை ஒட்டியே செல்கின்றன. ஆகவே 13 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நம் ஊரில் எந்தக் கோளும் நேர் தெற்கைக் கடக்கும்போது 45 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. நேர் வடக்கிலோ தலைக்கு மேல் உச்சியை ஒட்டியன்றி அவை தெரிவதே இல்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி ஐயங்கள் தீர்ந்துவிடும். பாதையின் மீதே இருக்கும் செந்நிறக் கேட்டையையும் ரோகிணியையும் செவ்வாய் என்று எண்ணுவது மட்டும் மன்னிக்கத்தக்க பிழை. சில நாள் இடைவெளியில் மீண்டும் பார்த்தால், பக்கத்து விண்மீன்களைவிட்டு நகர்ந்திருப்பது செவ்வாய்.

மினுக்கினால் விண்மீன், மினுக்காவிட்டால் கோள் என்பது நல்ல விதி, ஆயினும் அதை அடிவானத்துக்கு அருகில் பயன்படுத்தக் கூடாது. தாழ்ந்து நிற்கும் வெள்ளியும் தடித்த காற்றுக்குள் நிறம் மாறித் துடிக்கும். கோடையில் நம் மாடிகள் இதை இன்னும் கெடுக்கின்றன: பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவு ஒன்பது மணிக்கும் வெறுங்காலைச் சுடும், அதிலிருந்து எழும் அனல் தொலைநோக்கியின் முன்னால் நெளிந்துகொண்டே இருக்கும். வாங்கிய அன்றே கருவி பழுது என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க நினைப்பவர், விடியற்காலை நான்கு மணிக்கு ஒருமுறை சனியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இரவு பதினொரு மணிக்கு உச்சியில் ஒளிர்வதை வெள்ளி என்று சொல்வோரும் உண்டு. வெள்ளி சூரியனைவிட்டு 47 டிகிரிக்கு மேல் விலகுவதில்லை. மாலையில் மேற்கிலோ விடியலில் கிழக்கிலோ மட்டுமே அதைக் காணலாம். அந்த நேரத்தில் அந்த இடத்தில் அத்தனை ஒளியோடு இருப்பது பெரும்பாலும் வியாழன். செவ்வாய் நிலவளவு பெரிதாகத் தெரியும் என்று ஆண்டுதோறும் பரவும் வாட்ஸ்அப் செய்தி பொய். மிக அருகில் வந்த 2003-இலும் அது நிலவின் விட்டத்தில் எழுபதில் ஒரு பங்காகவே தெரிந்தது.

கைபேசிச் செயலியை நம்புவோர் இரும்புக் கதவு, இரும்புக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டியின் குழாய்கள் ஆகியவற்றின் அருகில் நின்று திசை பார்க்கக் கூடாது. திசைகாட்டி கணிசமாகப் பிசகிவிடும். நிலவு இருக்கும் நாளில் திரையிலுள்ள நிலவும் வானத்து நிலவும் பொருந்துகின்றனவா என்று முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சாங்கத்தில் கோள் எந்த ராசியில் இருக்கிறது என்று பார்ப்பதும் பயன் தரும், ஆனால் ராகுவையும் கேதுவையும் வானில் தேட வேண்டாம். அவை நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் புள்ளிகள்.

மறையும் சூரியனுக்கு அருகே புதனையோ வெள்ளியையோ இருகண் நோக்கியால் துழாவுவது பார்வையையே பறித்துவிடக்கூடிய தவறு. சூரியன் முழுவதும் மறைந்த பின்னரே அதைக் கண்ணில் வையுங்கள். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது கூடவே நில்லுங்கள். அதே கருவியைக் கையில் தொங்கலாகப் பிடித்தால் வியாழன் ஒரு துள்ளும் கோடாகத்தான் தெரியும். மாடியின் கைப்பிடிச் சுவரில் இரு முழங்கைகளையும் ஊன்றி, மூச்சை ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள்: வியாழனின் இருபுறமும் ஒரே நேர்கோட்டில் இரண்டு, மூன்று, சில இரவுகளில் நான்கு சிறு புள்ளிகள் தெரியும். 1610-இல் கலிலியோ கண்ட துணைக்கோள்கள் அவை. மறுநாள் இரவு வேறு இடங்களில் நிற்கும்.