குளிர்காலக் கொடுப்பனவு: பிரிட்டனில் வயதான தம்பதியர் எப்படி எடுப்பது

ஹீட்டிங் செலவுக்காகப் பிரிட்டிஷ் அரசாங்கம் முதியவர்களுக்குக் கொடுக்கும் விண்டர் ஃபியூவல் பேமென்ட் தன்பாட்டில் வங்கிக்கு வந்துவிடும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஸ்டேட் பென்ஷன் (அரசாங்க ஓய்வூதியம்) எடுப்பவருக்கு அது சரி. பிள்ளைகளிடம் பிந்தி வந்து சேர்ந்த அம்மா அப்பாவுக்கும், வேலைக்குப் போகாமல் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் அது பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை. இப்போதைய முறையில் ஸ்டேட் பென்ஷன் கிடைக்க நேஷனல் இன்சூரன்ஸில் (அரசாங்கக் காப்புறுதிப் பதிவில்) குறைந்தது 10 வருடம் பதிவாகியிருக்க வேண்டும். அது இல்லாமல், அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (அன்றாடம் கவனிப்புத் தேவைப்படும் முதியவருக்கான உதவி), பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவருக்கான உதவி) போன்ற வேறு உதவியும் எடுக்காதவர் தாமாகவே கேட்டால்தான் பணம் வரும். கவுன்சில் டாக்ஸ் சலுகை மட்டும் எடுப்பவரும் கேட்டே ஆக வேண்டும். ஒருமுறை கேட்டுவிட்டால், நிலைமை மாறாத வரை அடுத்த வருடங்களில் தானாக வரும்.

கீழே உள்ள தொகைகளும் தேதிகளும் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2025-26 குளிர்காலத்துக்கு உரியவை. வட அயர்லாந்திலும் தொகை இதேதான். ஸ்கொட்லாந்தில் பெயரும் அலுவலகமும் வேறு: பென்ஷன் ஏஜ் விண்டர் ஹீட்டிங் பேமென்ட்டை சோஷல் செக்யூரிட்டி ஸ்கொட்லாந்து கொடுக்கிறது.

யாருக்கு, எவ்வளவு

1959 செப்டம்பர் 22க்கு முன் பிறந்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 15 முதல் 21 வரையான வாரம்தான் தகுதி வாரம். அந்த வாரத்தில் உங்கள் வயது என்ன, எங்கே, யாருடன் வசித்தீர்கள் என்பதை வைத்தே தொகையைக் கணக்கிடுவார்கள். டிசம்பரில் 80 வயதாகிறவருக்கு இந்த முறை கூடிய தொகை கிடைக்காது.

அடிப்படைத் தொகை 200 பவுண். 80 வயது நிறைந்தவருக்கு 300. தம்பதியர் இருவருக்கும் தகுதி இருந்தால் அதைப் பிரித்துக் கொடுப்பார்கள். இருவரும் 80க்குக் கீழே என்றால் ஆளுக்கு 100. இருவரும் 80ஐத் தாண்டியிருந்தால் ஆளுக்கு 150. கணவருக்கு வயது 82, மனைவிக்கு 77 என்றால் கணவருக்கு 200 பவுண், மனைவிக்கு 100. மனைவிக்கு இன்னும் 66 ஆகவில்லை என்றால் பிரிக்க ஆளில்லை. கணவருக்கே முழுத்தொகையும் போகும். இருவருக்கும் சேர்த்துப் பென்ஷன் கிரெடிட் எடுப்பவர்களுக்குப் பிரிப்பதில்லை. யாருடைய பெயரில் பென்ஷன் கிரெடிட் வருகிறதோ அவருடைய கணக்குக்கே 200 அல்லது 300 மொத்தமாக வரும்.

பிரித்துக் கொடுப்பது கணவன் மனைவிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் அம்மாவும் மாமியாரும் ஒரே வீட்டில் இருந்தாலும், பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி எடுக்காதவர்கள் என்றால் ஆளுக்குப் பாதிதான். கேஸ் பில், கரண்ட் பில் மகன் பெயரில் இருப்பது இந்தக் கொடுப்பனவுக்குத் தடையில்லை. இதைத் தெரியாமல் “வீடு எங்கள் பெயரில் இல்லையே” என்று கேட்காமலே விட்ட குடும்பங்கள் நிறைய.

செப்டம்பரில் ஊருக்குப் போயிருந்தவர்களும் பயப்படத் தேவையில்லை. வழமையாக வசிப்பது இங்கே என்றால் போதும், விடுமுறைக்குப் போய் நின்றது கணக்கில்லை.

விசாவில் பொது நிதி எடுக்க முடியாது என்று எழுதியிருந்தால் தகுதி இல்லை. பிள்ளைகளின் பொறுப்பில், பராமரிப்பு உறுதிமொழி கொடுத்து அழைத்த பெற்றோருக்கு விதிகள் இன்னும் சிக்கலானவை. விண்ணப்பிக்க முன் இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸிடமோ தகுதியுள்ள குடிவரவு ஆலோசகரிடமோ காகிதங்களைக் காட்டிக் கேளுங்கள். எடுக்கக்கூடாததை எடுத்தால் பின்னர் விசாவுக்கே பாதிப்பு வரும்.

விண்ணப்பிப்பது

தபாலில் செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்தும், தொலைபேசியில் அக்டோபரிலிருந்தும் கேட்கலாம். தொலைபேசிதான் நல்லது, விடுபட்டதை அப்போதே கேட்டு நிரப்புவார்கள். இலக்கம் 0800 731 0160, கட்டணம் இல்லை. கடைசி நாள் 2026 மார்ச் 31. தபாலில் அனுப்பினால் படிவம் அந்தத் தேதிக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

தொலைபேசியில் அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: இருவரின் நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், வங்கிக் கணக்கு விவரம், திருமணமான தேதி. தகுதி வாரத்தில் ஆஸ்பத்திரியிலோ பராமரிப்பு இல்லத்திலோ இருந்தீர்களா என்றும் கேட்பார்கள். சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்ததால் பணம் நிற்காது. ஒரு வருடத்துக்கு மேலாகத் தங்கிச் சிகிச்சை பெறுபவருக்குத்தான் நிற்கும்.

நம் ஆட்களுக்கு வழக்கமாகச் சிக்குவது பிறந்த தேதி. ஊர்ப் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, கடவுச்சீட்டில் இன்னொன்று. நேஷனல் இன்சூரன்ஸ் பதிவில் எந்தத் தேதி இருக்கிறதோ அதையே சொல்லுங்கள். தேதியோ பெயரின் எழுத்தோ மாறினால் பதிவு பொருந்தாமல் விண்ணப்பம் கிடப்பில் போய்விடும்.

ஆங்கிலம் கஷ்டம் என்றால் தொடக்கத்திலேயே “டமில் இன்டர்பிரெட்டர்” என்று கேளுங்கள், மொழிபெயர்ப்பாளரை லைனில் சேர்ப்பார்கள். மகனோ மகளோ பேசுவதானால் அம்மா அப்பா பக்கத்தில் இருக்கட்டும். அவர்களே சம்மதம் சொன்ன பிறகுதான் அதிகாரி பிள்ளையோடு பேசுவார்.

கடிதம் வந்ததும்

அக்டோபர், நவம்பரில் எவ்வளவு வரும், எந்தக் கணக்குக்கு வரும் என்று கடிதம் வரும். அதைப் படிக்காமல் எடுத்து வைக்க வேண்டாம். ஸ்டேட் பென்ஷன் எடுக்கும் 70 வயதுக் கணவருக்கு 200 பவுண் என்று எழுதியிருந்தால், அவர் தனியாக இருப்பதாக அலுவலகம் நினைக்கிறது என்று அர்த்தம். மனைவிக்கும் தகுதி வயது ஆகியிருந்தால் அழைத்து, இருவரும் ஒரே வீட்டில் இருப்பதைச் சொல்லிச் சரிசெய்யுங்கள். மனைவி தனியாக விண்ணப்பித்தபின் கணவரின் பங்கு கூடுதல் என்று கடிதம் வந்து தலையிடியாவதைவிட இது மேல்.

பணம் நவம்பர், டிசம்பரில் வரும். வங்கிக் கணக்கில் நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கத்தோடு டி.டபிள்யூ.பி. (இந்தப் பணத்தைக் கொடுக்கும் அரசாங்கத் துறை) பெயர் தெரியும். ஜனவரி முடிந்தும் கடிதமோ பணமோ இல்லையென்றால் அதே இலக்கத்துக்கு அழையுங்கள்.

வருமானம் 35,000 பவுணைத் தாண்டினால்

பணம் வரும், பிறகு வரியாகத் திருப்பி எடுப்பார்கள். இது ஆளுக்கு ஆள் பார்க்கும் கணக்கு, குடும்பக் கணக்கு அல்ல. கணவருக்கு 38,000, மனைவிக்கு 9,000 என்றால் கணவரின் 100 மட்டும் போகும், மனைவியின் 100 நிற்கும். எல்லையைக் கொஞ்சம் தாண்டினாலும் அவருடைய பங்கு முழுவதும் போகும். வரிக்குரிய வருமானம் எல்லாம் இதில் சேரும்: ஸ்டேட் பென்ஷன், வேலை பென்ஷன், சம்பளம், வட்டி, வாடகை. பிரிட்டனில் வரி கட்ட வேண்டியவர் என்றால் கொழும்பு வீட்டு வாடகையும் கணக்குக்கு வரும். அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் சேராது. சம்பளத்திலோ பென்ஷனிலோ வரி பிடிக்கப்படுபவருக்கு அடுத்த வருட டாக்ஸ் கோட்டை (எவ்வளவு வரி பிடிப்பது என்று காட்டும் குறியீட்டை) மாற்றி எடுப்பார்கள். 200 பவுணுக்கு மாதம் சுமார் 17 பவுண்.

பென்ஷன் கிரெடிட்டைத் தவறவிட வேண்டாம்

100, 200 பவுணுக்கு இவ்வளவு அலைகிறவர்கள், வாராவாரம் வரக்கூடிய பணத்தைக் கேட்காமல் விடுவதுதான் பெரிய இழப்பு. 2025-26இல் தம்பதியரின் வார வருமானத்தை 346.60 பவுண் வரை பென்ஷன் கிரெடிட் நிரப்பித் தரும். வாரம் 180 பவுண் பென்ஷனும் 14,000 பவுண் சேமிப்பும் உள்ள தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 10,000 கணக்கில் இல்லை. மீதி 4,000க்கு, ஒவ்வொரு 500க்கும் ஒரு பவுண் வீதம், வாரம் 8 பவுண் வருமானம் என்று எடுப்பார்கள். ஆக 188 போக வாரம் 158.60 பவுண் கிடைக்கும். சேர்ந்து வசிக்கும் மகனின் சம்பளத்தை இதில் கூட்ட மாட்டார்கள். ஊரில் உங்கள் பெயரில் உள்ள காணி, வீட்டின் பெறுமதியைச் சேமிப்பாக எடுப்பார்கள். மறைத்தால் பின்னர் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

இருவருக்கும் பென்ஷன் வயது ஆகியிருக்க வேண்டும். 2019 மே 15 முதல், ஒருவருக்கு மட்டும் ஆன தம்பதியர் புதிதாகக் கேட்க முடியாது. உறுதிமொழியில் வந்த பெற்றோர் பொதுவாக 5 வருடம் காத்திருக்க வேண்டும். ஸ்டேட் பென்ஷன் இல்லாதவர்கள் இணையத்தில் முயல வேண்டாம், 0800 99 1234க்கு அழையுங்கள். தகுதி முன்பே இருந்திருந்தால் 3 மாதம் பின்னோக்கிக் கேட்கலாம்.

இதிலும் ஒரு பொறி உண்டு. நான்கு வாரத்துக்கு மேல் ஊரில் நின்றால் பென்ஷன் கிரெடிட் பொதுவாக நின்றுவிடும். உறவினர் இறந்தால் 8 வாரம், சிகிச்சைக்காகப் போனால் 26 வாரம் வரை விதிவிலக்கு உண்டு. மூன்று மாதம் நிற்கப் போகிறவர் போகமுன்னே அறிவிக்க வேண்டும்.

பென்ஷன் கிரெடிட் இருந்தால் கோல்ட் வெதர் பேமென்ட்டும் கேட்காமலே வரும். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, உங்கள் பகுதியில் தொடர்ந்து 7 நாள் சராசரி வெப்பநிலை பூச்சியம் பாகை அல்லது அதற்குக் கீழே போகும் ஒவ்வொரு முறைக்கும் 25 பவுண். ஸ்கொட்லாந்தில் இது இல்லை, அங்கே வேறு ஏற்பாடு.

வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் 150 பவுண். இதைக் கரண்ட் பில்லில் கழிப்பார்கள். இங்கேதான் பில்லில் உள்ள பெயர் முக்கியம்: பென்ஷன் கிரெடிட் எடுப்பவரின் பெயரோ அவருடைய துணையின் பெயரோ தகுதி நாளில், 2025இல் அது ஆகஸ்ட் 24, பில்லில் இருக்க வேண்டும். மகன் பெயரில் இருந்தால் கிடைக்காது. 150 பவுணுக்காகப் பெயரை மாற்ற முன் ஒன்றை யோசியுங்கள்: பெயர் யாருடையதோ, பாக்கிப் பணத்துக்கும் அவரே பொறுப்பு. தனி வீட்டில் இருக்கும் பெற்றோரின் பில் பிள்ளையின் பெயரில் இருந்தால் மட்டும் மாற்றுவது பயன்.

“உங்கள் விண்டர் ஃபியூவல் பணத்தைப் பெற இங்கே அழுத்துங்கள்” என்று வரும் குறுஞ்செய்திகள் மோசடி. வங்கி விவரத்தைக் குறுஞ்செய்தியில் அரசாங்கம் கேட்காது.

மறுத்துக் கடிதம் வந்தால், அதிலுள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மண்டேட்டரி ரீகன்சிடரேஷன் (முடிவை மறுபடி பார்ப்பது) கேளுங்கள். எந்த விவரம் பிழை என்று சொல்லி, அதற்கான காகிதத்தின் நகலை இணைத்து அனுப்புங்கள். மூலப் பிரதியைக் கையில் வைத்திருங்கள்.