தாள் பாய்மரக் கப்பலுக்குப் பலகை ஒட்டும் முறை

மாதிரிக் கப்பலின் ஏராவையும் (அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் முதுகெலும்பு) அதன் குறுக்குச் சட்டங்களையும் பொருத்தி முடித்து, அடுத்து என்ன செய்வதென்று நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டங்களின்மேல் ஒட்டிப் பக்கங்களை மூடும் பலகைப் பட்டைகளுக்குத் திருமண அழைப்பிதழ் அட்டையின் கனம் போதும். நான் வேலூர் லாங் பஜாரில் அந்தக் கனத்தில் வெற்று அட்டையாகவே வாங்கிக்கொள்கிறேன்.

வெட்டுவதற்கு முன் அட்டையின் நார் ஓட்டத்தைப் பாருங்கள். சிறு சதுரத் துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்தால் அது குழாய்போலச் சுருளும். குழாயின் நீளவாக்கே நாரின் திசை. பசையின் ஈரம் பட்டால் தாள் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும் என்பதால், பட்டையின் நீளமும் நார்வாக்கில் இருந்தால்தான் அது சட்டங்களுக்கிடையே புடைக்காது. பிறகு, பட்டை முழுமையாகப் படியும்படி சட்டங்களின் ஓரத்தை உப்புத்தாளால் சாய்வாகத் தேயுங்கள்.

கப்பலின் அழகு பசையில் இல்லை, அளவில் இருக்கிறது. நடுச்சட்டத்தில் மேல்தள விளிம்பிலிருந்து ஏரா வரை ஒரு தாள் நாடாவை வளைத்து அளந்தால் 60 மி.மீ. வருகிறது என்று கொள்வோம். 12 பட்டைகள் என்றால் ஒவ்வொன்றும் 5 மி.மீ. அதே நாடா அணியத்துக்கு (கப்பலின் முன்முனை) அருகில் 36 மி.மீ. காட்டினால், அங்கே பட்டையின் அகலம் 3 மி.மீ.தான். இந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்துப் பட்டையைச் சீவிக்கொண்டு, விரல்களுக்கிடையே உருவி வளைவேற்றிய பின்பே ஒட்டுங்கள். சீவாத பட்டையை இழுத்துப் பிடித்து ஒட்டினால் அதன் விளிம்பு தூக்கிக்கொள்ளும்.

மேல்தள விளிம்பில் தொடங்கி, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். என் முதல் கப்பலில் ஒரு பக்கத்தை முழுவதும் ஒட்டிவிட்டு மறுபக்கம் வந்தபோது, ஏரா வாழைக்காய்போல வளைந்திருந்தது; அதை நிமிர்த்த வழியே இருக்கவில்லை. சித்திரை வெயிலில் நம் ஊரில் ஃபெவிகால் சீக்கிரமே ஆடை கட்டிவிடும், ஆகவே இரண்டு சட்ட தூரத்துக்கு மட்டும் தடவி, ஒட்டி, பிறகு நகருங்கள்.

இடைவெளிகளைச் சுண்ணக்கட்டித் தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடையுங்கள். வெறும் தாளைத் தேய்த்தால் பஞ்சுபோல நார் எழும். முதலில் அரக்கு வார்னிஷை மெல்லியதாக ஒரு கை பூசி, நன்றாகக் காய்ந்த பின் 400 எண் உப்புத்தாளால் மென்மையாகத் தேய்த்து, அதன்மேல் வண்ணம் தீட்டுங்கள். கடைசியாகப் பளபளப்பில்லாத வார்னிஷ் பூசும்போது பாய்மரம் நிற்கும் துளைகளைத் தாள்திரியால் அடைத்துவையுங்கள். வார்னிஷ் படிந்த இடத்தில் ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது.