பக்கெட்டில் ஃபோர்க் மாட்டும்போது

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பு. தென்னங்கன்று அடுக்கிய பேலட்டைத் (மரப்பலகைத் தட்டு) தூக்க, சின்ன டிராக்டரின் முன்னால் உள்ள லோடர் பக்கெட்டின் உதட்டில், அதாவது முன் விளிம்பில், ஃபோர்க் எனும் இரண்டு நீள இரும்புக் கரங்களை மாட்டுகிறேன்.

பக்கெட்டை மட்டமாக வைத்து, உதட்டு மண்ணைச் சுரண்டிவிட்டு, நடுவிலிருந்து சம தூரத்தில் இரண்டையும் செருகி போல்ட்டை இறுக்குங்கள். முதல் லோடு இறக்கியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், தளர்ந்திருக்கும். சங்கிலி போட்டு இழுத்துக் கட்டினால் பக்கவாட்டில் விலகாது.

எடைதான் வில்லங்கம். சுமை பக்கெட்டுக்கு முன்னால் தள்ளி நிற்பதால், லோடர் வழக்கமாகத் தூக்கும் எடையை இதில் எதிர்பார்க்கக் கூடாது. ஃபோர்க்கின் எடையும் அதில் சேர்த்தி. நுனியில் தூக்கி ஒருமுறை உதட்டையே வளைத்துவிட்டேன். வெல்டருக்கு அழுத காசு தனிக்கதை. பேலட்டை ஃபோர்க்கின் அடிவரை உள்ளே வாங்குங்கள். பின்சக்கரம் எழும்பாமலிருக்க நான் பின்னால் எடைக்காக ரொட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் உழவுக் கருவி) மாட்டிவிடுவேன். அப்புறம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மெல்ல ஓட்டுங்கள். சரிவில் திரும்பவே வேண்டாம்.