ரம்மில ஜோக்கர் வந்தா புதுசா ஆடுறவங்க பண்ற தப்புங்க

13 சீட்டு ரம்மி புதுசா ஆட வர்ற பசங்க, கைல ஜோக்கர பாத்ததும் ஜெயிச்சாச்சுன்னு முடிவு பண்ணிடுறாங்க. ஆட்டத்த யார் பக்கம் வேணா திருப்பி விடுற சீட்டுதான் அது, ஆனா திருப்ப கைல ஏதாவது இருக்கணும்ல? காசு வைக்காம வீட்ல ஆடுறவங்களுக்குதான் இத சொல்றேன், பாயிண்ட் கணக்கெல்லாம் ஆட ஆட தானா வந்துடும், அத விட்டுடுறேன்.

ஜோக்கர் இருக்குன்னு ஸ்கூட் விடாம (அதாவது சீட்ட வச்சிட்டு அந்த ஆட்டத்துல இருந்து விலகாம) உக்காந்திருக்கிறது

இதான் எனக்கு இன்னும் எரிச்சல் வர்ற தப்பு. போன மாசம் ஒரு கல்யாண வீட்ல மச்சினன் பையன் கைய எட்டிப் பாத்தேன், ஜோக்கர் மூணு, ராஜா ரெண்டு, ஏஸ் ரெண்டு, ஆர்ட்டின்ல ராணி ஜாக்கி, மிச்சம் நாலும் சேராத சில்லறை. "மாமா, மூணு ஜோக்கர் மாமா!"ன்னு காதுல சொல்றான். ஒரிஜினல் எங்கடான்னா வந்துடும்ங்கறான். ஒரிஜினல்னா ஜோக்கர ஜோக்கரா வைக்காம ஒரே பூல வரிசையா மூணு, அது இல்லேன்னா ராஜா ரெண்டுக்கு ஜோக்கர் சேத்து செட்டு வச்சாலும் செல்லாது, தோத்தா மொத்த கையும் நம்ம மேல பாயிண்டா எண்ணுவாங்க. அந்த ராஜா, ஏஸ், ராணி, ஜாக்கிக்கே ஒண்ணுக்கு 10 வச்சு 60, சில்லறையும் சேந்தா 80 தாண்டும், 80-க்கு மேல எண்ண மாட்டாங்க, அதனால ஃபுல் கவுண்ட் 80. முதல்லயே ஸ்கூட் விட்டிருந்தா 20, நடுவுல விட்டாலும் 40. எதிர்ல இருந்தவர் டிக் அடிச்சப்ப (ஆட்டத்த முடிச்சு சீட்ட காட்டுனப்ப) அவன் கைல ஜோக்கர் நாலு, ஒரிஜினல் மட்டும் இல்ல. கொஞ்ச சுத்து பாத்தும் ஒரிஜினலுக்கு வழி தெரியலன்னா எத்தன ஜோக்கர் இருந்தாலும் வச்சிட்டு எந்திரிங்க.

ஜோக்கர் நம்பர் வந்தாலே ஒரிஜினல் ஆகாதுன்னு நினைக்கிறது

சீட்டு கட் பண்ணப்ப 7 வந்து, எல்லா 7-உம் ஜோக்கர்னு வைங்க. ஆர்ட்டின் 6, 7, 8 ஒரிஜினல்தான், ஏன்னா அங்க 7 ஏழாவே நிக்குது. இன்னொன்னு, 7-அ யாரும் கீழ விட மாட்டாங்கன்னு பக்கத்து 5, 6, 8, 9-அ எல்லாரும் சீக்கிரமா கழட்டி போடுவாங்க, அத எடுத்தே வரிசை கட்டலாம். எதிராளி எடுப்பாரோன்னு பயந்து நீங்களே அத பிடிச்சு வச்சுக்க வேணாம்.

ஜோக்கர கீழ போடுறது

போடாதீங்க.

கட் பண்ணப்ப பொம்மை ஜோக்கரே வந்தா

ஏஸ் எல்லாம் ஜோக்கர். இது தெரியாம 10 பாயிண்ட் பாரம்னு ஏஸ கழட்டுனவங்க நெறைய பேரு.