கேம் நடுவே லேப்டாப் அணைகிறதா? ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துச் சர்வீஸ் மேசைகளுக்குக் கேமிங் லேப்டாப்கள் வரத் தொடங்கும். பலவும் வீட்டிலேயே ஒருமுறை திறந்து பார்க்கப்பட்டவை. தூசி தட்டுவது, டிரைவர் அப்டேட் செய்வது எல்லாம் ஊருக்கே தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, அணைகிற லேப்டாப்பைச் சரிசெய்யும்போது நடக்கிற தவறுகளைப் பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் சூட்டைக் குற்றம் சொல்வது

சூடு ஏறினால் லேப்டாப் முதலில் வேகத்தைக் குறைக்கும். பெரும்பாலான லேப்டாப் பிராசஸர்கள் 95 முதல் 100 டிகிரியை நெருங்கும்போது தாமே அடக்கி வாசிக்கும். கேம் திக்கித் திணறும். அதற்கும் மேலே போனால்தான் பாதுகாப்புக்காக அணையும். திணறலே இல்லாமல் 75 டிகிரியில் பட்டென்று அணைந்தால், சிப்புக்கும் அதன் சூட்டை இழுக்கும் உலோகத் தகட்டுக்கும் (ஹீட்சிங்க்) நடுவே பூசும் தெர்மல் பேஸ்டை மாற்றிப் பலனில்லை. கரண்ட், பேட்டரி, ராம் பக்கம் பாருங்கள். சூட்டைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) மென்பொருளில் லாகிங்கை, அதாவது பதிவெடுப்பதை, ஓடவிட்டுக் கேம் ஆடினால், அணைவதற்குச் சற்று முந்தைய சூடு ஃபைலில் இருக்கும்.

கெர்னல்-பவர் 41-ஐப் பார்த்ததும் புது சார்ஜர் வாங்குவது

கெர்னல்-பவர் 41 என்பது விண்டோஸ் எழுதிவைக்கும் ஒரு பதிவு. முறையாக ஷட் டவுன் ஆகாமல் லேப்டாப் நின்றது என்பதைத் தவிர 41 எதுவும் சொல்லாது. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் அதை ஒட்டி வேறு என்ன பதிவு இருக்கிறது என்று தேடுங்கள். டபிள்யூஎச்இஏ-லாகர் (WHEA-Logger) என்று இருந்தால் ஹார்டுவேர் பிழை. டிஸ்ப்ளே 4101 என்றால் கிராபிக்ஸ் டிரைவர் நின்று மீண்டிருக்கிறது.

கிடைத்த தெர்மல் பேடை ஒட்டுவது

எத்தனை சொன்னாலும் குறையாத, பணத்தையும் தின்கிற தவறு இதுதான். பேஸ்ட் மாற்ற ஹீட்சிங்கைத் தூக்கும்போது பழைய தெர்மல் பேட், அதாவது சூட்டைக் கடத்தும் மெத்தென்ற துண்டு, கிழிகிறது. உடனே கையிலிருக்கும் ஷீட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டி மூடிவிடுகிறார்கள். 0.5 மி.மீ.க்கும் 1 மி.மீ.க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களும் உண்டு.

வித்தியாசம் இதுதான். கிராபிக்ஸ் சிப்பின் மேல் ஹீட்சிங்க் நேரடியாக அழுந்த வேண்டும். நடுவே மெல்லிய பேஸ்ட் மட்டும். சுற்றியிருக்கும் மெமரி சிப்புகளின் உயரம் வேறு, அந்த இடைவெளியைத்தான் பேட் நிரப்புகிறது. பேட் தடிமனாகிவிட்டால் ஹீட்சிங்க் தூக்கிக்கொள்ளும். கேம் தொடங்கிய ஒரு நிமிடத்திலேயே சூடு உச்சிக்குப் போகும். சிப்பின் பொதுச் சூட்டுக்கும் (கோர்) அதில் மிகச் சூடான இடத்தின் சூட்டுக்கும் (ஹாட்ஸ்பாட்) 25 டிகிரிக்கு மேல் இடைவெளி விழும். இது கண்ணுக்குத் தெரிவதால் தப்பிக்கலாம்.

பேட் மெல்லியதாகிவிட்டால்தான் ஆபத்து. கோர் சூடு அழகாக 70 டிகிரி காட்டும், ‘நல்லா கூல் ஆயிடுச்சு’ என்று பையன் மகிழ்வான். பேட் எட்டாத மெமரி சிப்போ உள்ளே வெந்துகொண்டிருக்கும். பல லேப்டாப்களில் அதன் சூட்டைக் காட்ட சென்சாரே கிடையாது. கொஞ்ச நாளில் திரையில் வண்ணக் கட்டங்களும் புள்ளிகளும் வரும், பிறகு கறுப்புத் திரைதான். இந்த நிலைக்கு வந்தபின் சிப்பைக் கழற்றி மாற்ற வேண்டும், இல்லையேல் போர்டையே. பேட் இருந்த இடத்தில் பேஸ்டை அப்பி மூடுவதும் இதே கதைதான், 1 மி.மீ. இடைவெளியைப் பேஸ்ட் தாங்காது, வழிந்துவிடும்.

திறந்தே ஆக வேண்டுமென்றால், முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் இருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, முடுக்கும்போது 1-லிருந்து, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. கிழிந்த பேடை வெர்னியரில் அளப்பதானால் அழுந்தாத ஓரத்தை அளக்க வேண்டும், நசுங்கிய நடுப்பகுதி குறைத்தே காட்டும். அளவில் சந்தேகமென்றால் பேடை விட்டு, களிபோல இருக்கும் தெர்மல் புட்டி வாங்குங்கள். இடைவெளிக்கேற்பத் தானே நசுங்கும். ஒருமுறை முடுக்கிவிட்டு மறுபடி கழற்றி, ஒவ்வொரு மெமரி சிப்பின் தடமும் பதிந்திருக்கிறதா, கிராபிக்ஸ் சிப்பின் மேல் பேஸ்ட் முழுதாகப் பரவியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக வைத்து மூடுங்கள். இந்தப் பத்து நிமிடத்துக்குச் சோம்பல்பட்டுத்தான் பல போர்டுகள் போகின்றன.

வீட்டுக் கரண்டைக் கணக்கில் எடுக்காதது

ஆனி, ஆடிக் காற்றில் தென்னை மட்டை கம்பியில் உரசினால் கரண்ட் ஒரு நொடி போய்வரும். நம் மாவட்டத்தில் இது புதிதல்ல. நல்ல பேட்டரி அந்த நொடியைத் தாங்கிக்கொள்ளும். தேய்ந்த பேட்டரி கேமின் சுமையில் மளமளவென வோல்டேஜ் இறங்கி லேப்டாப்பை அணைத்துவிடும். உப்பிய பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு ஆடுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இன்வெர்ட்டரில் ஈகோ, யுபிஎஸ் என்று சுவிட்ச் இருந்தால் யுபிஎஸ்ஸில் வையுங்கள். அப்படியே விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்து, டிசைன் கெப்பாசிட்டியோடு இப்போதைய ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியை ஒப்பிடுங்கள், பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும்.

230 வாட் சார்ஜரோடு வந்த லேப்டாப்பில் 65 வாட் டைப்-சி சார்ஜரைச் சொருகி ஆடினால், சொருகியிருக்கும்போதே பேட்டரி இறங்கும்.

அண்டர்வோல்ட், ஓவர்க்ளாக்

சிப்பின் வோல்டேஜைக் குறைத்தோ (அண்டர்வோல்ட்) வேகத்தைக் கூட்டியோ (ஓவர்க்ளாக்) வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஃபார்மட்

கடைசியில்.

ராமை மேலோட்டமாகச் சோதிப்பது

விண்டோஸின் சிறிய டெஸ்ட் ‘பிழை இல்லை’ என்றால் நம்பிவிட வேண்டாம். மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் பெரும்பாலும் ராமோ ஸ்லாட்டோ சரியில்லை. இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்து வீடுகளில் உப்புக் காற்றால் ராமின் தங்க முனைகளில் படலம் பிடிக்கலாம். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்து, உலர்ந்தபின் சொருகி மறுபடி ஒரு ராத்திரி ஓட்டுங்கள். ரப்பரால் தேய்க்காதீர்கள், தங்கப் பூச்சு போய்விடும்.