இடிபட்ட வீட்டின் ஓட்டிலிருந்து படி எடுக்கும் முறை

சென்னை சென்ட்ரல் அருகே 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையானது. இன்று அவ்விடத்தில் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. பழைய கட்டடத்தின் சிறு மாதிரி ஒன்று அருகே வைக்கப்பட்டிருக்கிறது. பெயர்பெற்ற கட்டடத்துக்கு மாதிரி செய்து வைக்க ஆள் இருக்கிறது. நம் தெருவின் ஓட்டு வீட்டுக்கு நாம்தான் ஏதேனும் செய்யவேண்டும். கல்வெட்டு ஆய்வாளர்கள் ஈரத்தாளைக் கல்லில் அறைந்து மைப்படி எடுப்பார்கள். அதைவிட எளிதான, ஓட்டின் எழுத்தின்மேல் தாளை வைத்துத் தேய்த்து எடுக்கும் உரசல் படி ஒன்றை, கைப்பழக்கம் இல்லாதவர்களும் எடுக்கும்படி இங்கே விளக்குகிறேன்.

முதலில் உரிமையாளரிடமும் மேஸ்திரியிடமும் அனுமதி கேளுங்கள். வீட்டை இடிக்கும்போது பெரும்பாலும் ஓடுகளைத்தான் முதலில் இறக்குவார்கள் என்பதால், அன்று காலையிலேயே போய்விடுவது நல்லது. இடிப்பு நடக்கும் இடத்துக்குள் நுழையாமல், இறக்கி அடுக்கியவற்றிலிருந்து விரிசல் இல்லாத மங்களூர் ஓடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் தொழிற்சாலையின் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கும். அதில் 1865 என்றிருந்தால் வீட்டின் வயது என்று எண்ணிவிட வேண்டாம். அது பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலை மங்களூரில் தொடங்கப்பட்ட ஆண்டு.

பாசியை உலர்ந்த தூரிகையால் தட்டி, வெறும் நீரில் கழுவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். அமிலம் ஊற்றினால் எழுத்தின் விளிம்பு அரித்துப்போகும்.

அடுத்து, மெல்லிய வெள்ளைத் தாளை எழுத்தின்மேல் இழுத்துப் பரப்பி, நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் அசையாமல் ஒட்டுங்கள். முதலில் விரல் நுனியால் தடவி எழுத்து எங்கே எழும்புகிறது என்று உணர்ந்துகொண்டு, உறை நீக்கிய கறுப்பு மெழுகுக் கிரேயானைப் படுக்கைவாட்டில் பிடித்து, ஒரே திசையில் மிக மெதுவாகத் தேய்த்து வாருங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் தாள் நகர்ந்து எழுத்து இரட்டிக்கும். கருமை போதவில்லையென்றால் அழுத்தத்தைக் கூட்டாமல், அதே வழியில் மீண்டும் ஒருமுறை தேய்ப்பதே சரி. முதல் இரண்டு தாள்கள் வீணாகலாம். மூன்றாவதில் கை பழகிவிடும்.

என் பார்வையில் படியைவிட முக்கியமானது அதன் பின்புறக் குறிப்பு. தெருவின் பெயர், ஓடு எந்த அறையின் கூரையில் இருந்தது, வீடு இடிக்கப்பட்ட நாள், அங்கே குடியிருந்தவர்கள் சொன்ன ஒரு நினைவு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். மை நாளடைவில் பரவி முன்பக்கம் தெரியக்கூடும். சட்டமிடும்போது பின்னால் செய்தித்தாள் வைக்காதீர்கள், அது படியையும் மஞ்சளாக்கிவிடும்.

ஓர் ஓட்டிலிருந்து எத்தனை படி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால், அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுங்கள். பின்புறக் குறிப்பை மட்டும் நகலெடுக்காமல், ஒவ்வொன்றிலும் கையாலேயே எழுதிக் கொடுங்கள்.